லோடு டெஸ்ட் கருவிக்கு எவ்வளவு ஹீப், எந்த ஜிசி? ஐந்து வழிகளின் ஒப்பீடு

ஜேமீட்டர் என்ற லோடு டெஸ்ட் கருவியில் ஆயிரம் த்ரெட் (ஒவ்வொன்றும் ஒரு போலிப் பயனர்) ஏற்றியதும் "அவுட் ஆஃப் மெமரி" என்று டெஸ்ட் நின்றுவிடுகிறது. ஹீப்பை, அதாவது ஜாவா ப்ரோக்ராம் தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் மெமரியை, கூட்டினால் ஓடுகிறது. ஆனால் ரிப்போர்ட்டில் சில விநாடிகளுக்கு ஒருமுறை ரெஸ்பான்ஸ் நேரம் திடீரென ஏறி இறங்குகிறது. சர்வர் பக்கம் லாக் பார்த்தால் அங்கே எல்லாம் சுத்தம். இந்த நிலையில் மாட்டிக்கொள்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: ஹீப்பை இன்னும் கூட்டுவதா, பயன்படாத ஆப்ஜெக்ட்களை அகற்றும் ஜிசியை (கார்பேஜ் கலெக்டர்) மாற்றுவதா, இல்லை இன்னொரு மெஷின் போடுவதா?

மூன்றுமே சரியான விடையாக இருக்கலாம். எது உங்களுக்குச் சரி என்பது நீங்கள் எந்த எண்ணை அளக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எடுத்துக்காட்டுகளுக்கு ஜேமீட்டரையே எடுத்துக்கொள்கிறேன். ஜாவா ப்ரோக்ராம்களை இயக்கும் தளமான ஜேவிஎம்மில் ஓடும் எந்தக் கருவிக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவதும் முக்கியமானதும் நிறுத்தத்தின் நீளம். ஜிசி நடக்கும்போது ஜேவிஎம் தன் த்ரெட்களை நிறுத்திவைக்கிறது. அந்த நேரத்தில் சர்வர் பதில் அனுப்பியிருந்தாலும் அதைப் படிக்க ஆளில்லை. த்ரெட் மறுபடி எழுந்து கடிகாரத்தைப் பார்க்கும்போது, தான் தூங்கிய நேரமும் சர்வரின் கணக்கில் ஏறிவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 1,000 ரிக்வெஸ்ட், ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிசெகண்ட் என்றால், எந்த நொடியிலும் சுமார் 50 ரிக்வெஸ்ட்கள் பதிலுக்குக் காத்திருக்கும். பத்து விநாடிக்கு ஒருமுறை 400 மில்லிசெகண்ட் நிறுத்தம் வருகிறது என்று வையுங்கள். அந்த 50 ரிக்வெஸ்ட்களும் 400 முதல் 450 மில்லிசெகண்ட் எடுத்ததாகப் பதிவாகும். பத்து விநாடியில் ஏறத்தாழ 10,000 ரிக்வெஸ்ட் என்றால் இவை 0.5 சதவீதம். சராசரியில் இது கண்ணில் படாது, பி99 (நூறில் 99 ரிக்வெஸ்ட்கள் இதற்குள் முடிந்தன என்று காட்டும் நேரம்) கூட 50 என்றே காட்டும். ஆனால் பி99.9 என்பது 440ஐ ஒட்டி நிற்கும். அந்த எண்ணுக்கும் சர்வருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதோடு இன்னொரு பாதிப்பும் உண்டு. நின்றுபோன 400 மில்லிசெகண்டில் போக வேண்டிய 400 ரிக்வெஸ்ட்கள் போகவில்லை. சாதாரண த்ரெட் குரூப்பில் அவை அப்படியே காணாமல் போகும். சர்வருக்கு இளைப்பாற நேரம் கிடைத்துவிடும். வேகத்தை ஈடுகட்டும் டைமர் வைத்திருந்தால் நிறுத்தம் முடிந்ததும் அத்தனையும் ஒரே மூச்சில் பாயும். நிஜ உலகில் இல்லாத ஒரு நெரிசல் உருவாகும்.

இரண்டாவது சிபியு. ஜிசி எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கோரும் ரிக்வெஸ்ட் அனுப்பவும் டிஎல்எஸ் குறியாக்கத்தை அவிழ்க்கவும் கிடைக்காமல் போகும் கோர். மூன்றாவது மெமரி, இதில் ஹீப் ஒரு பங்கு மட்டுமே, ஒவ்வொரு த்ரெட்டின் வேலை மெமரியான ஸ்டேக்கும், கிளாஸ் விவரங்கள் இருக்கும் மெட்டாஸ்பேஸும் வெளியே இருக்கின்றன. 64 பிட் லினக்ஸில் ஒரு த்ரெட்டுக்கு இயல்பாக ஒதுக்கப்படும் ஸ்டேக் 1 எம்பி. அத்தனையும் உடனே உண்மையான மெமரியைப் பிடிக்காது என்றாலும், கன்டெய்னருக்கு லிமிட் வைக்கும்போது இதை மறந்தால் ஜேவிஎம்மின் பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் 137 என்ற எக்ஸிட் கோடோடு ப்ராசஸ் கொல்லப்படும்.

நான்காவது அளவுகோலைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை: தவறு நடந்தால் அது வெளியே தெரியுமா? கருவி தடுமாறியதை லாக்கில் பார்க்க முடிகிற வழி, கொஞ்சம் மெதுவானதாக இருந்தாலும், தடுமாற்றத்தை மறைக்கும் வழியைவிட மேல்.

## அதற்கு முன், குப்பையைக் குறையுங்கள்

எந்த ஜிசி என்று யோசிப்பதற்கு முன் டெஸ்ட் பிளானைத் திறந்து பாருங்கள். "வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ" போன்ற லிஸனர்கள் (முடிவுகளைச் சேர்த்துக் காட்டும் பகுதிகள்) இருந்தால் எடுத்துவிடுங்கள். ஜியூஐயில் லோடு ஓட்டாதீர்கள். இதை ஜேமீட்டரே தொடங்கும்போது எச்சரிக்கிறது. முடிவுகளை சிஎஸ்வியாக எழுதுங்கள், எக்ஸ்எம்எல் வேண்டாம். பதிலின் உள்ளடக்கம் தேவைப்படாத ரிக்வெஸ்ட்களுக்கு ரிக்வெஸ்டை அனுப்பும் உறுப்பான எச்டிடிபி சாம்ப்ளரிலேயே பதிலை எம்டி5 ஹாஷாக (சிறிய அடையாளக் குறியீடு) மட்டும் வைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. பெரிய பதில்கள் வரும் டெஸ்ட்டில் இந்த ஒரு டிக் பல ஜிசி அமைப்புகளைவிட அதிகம் உதவும்.

லோடு டெஸ்ட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. நவீன ஜிசிகள் பெரும்பாலும் "புதிதாகப் பிறக்கும் ஆப்ஜெக்ட் சீக்கிரமே சாகும்" என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. ஜேமீட்டரில் அப்படி நடப்பதில்லை. ஒவ்வொரு த்ரெட்டும் தன் கடைசிப் பதிலை அடுத்த சாம்ப்ளர் ஓடும்வரை பிடித்துவைத்திருக்கும். இடையில் ஐந்து விநாடி திங்க் டைம் (பயனர் யோசிக்கும் இடைவெளி) என்றால், அந்த ஐந்து விநாடியும் அது உயிரோடு இருக்கும். 1,000 த்ரெட், 200 கேபி பதில் என்றால் சும்மா இருக்கும்போதே 200 எம்பி. அதே பதிலில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் எக்ஸ்ட்ராக்டர் ஓடினால் பைட்களிலிருந்து ஸ்ட்ரிங் ஒன்று தனியாக உருவாகும். ஜாவா 9 முதல் லத்தீன்-1 எழுத்துகள் மட்டுமே உள்ள ஸ்ட்ரிங் எழுத்துக்கு ஒரு பைட்டில் அடங்கும். அதற்கு வெளியே ஒரே ஒரு எழுத்து வந்தாலும் முழு ஸ்ட்ரிங்கும் எழுத்துக்கு இரண்டு பைட் ஆகிவிடும். டிரான்ஸாக்‌ஷன் கன்ட்ரோலரில் "பேரன்ட் சாம்பிள்" தேர்வு செய்திருந்தால் உள்ளே உள்ள எல்லாச் சாம்பிள்களும் டிரான்ஸாக்‌ஷன் முடியும்வரை காத்திருக்கும்.

ஆக இந்த ஆப்ஜெக்ட்கள் உடனே சாவதும் இல்லை, நெடுநாள் வாழ்வதும் இல்லை. புதிய ஆப்ஜெக்ட்கள் இருக்கும் யங் ஜெனரேஷன் சிறிதாக இருந்தால் விநாடிக்கு ஒருமுறை ஜிசி வந்து, இன்னும் உயிரோடிருக்கும் அதே 200 கேபியை இடம் மாற்றி இடம் மாற்றி வைக்கும். கடைசியில் அது நெடுநாள் வாழ்பவற்றுக்கான ஓல்ட் ஜெனரேஷனுக்குப் போன மறுகணம் செத்துப்போகும். கீழே உள்ள எந்த வழியையும் இந்த நடத்தையோடு பொருத்திப் பாருங்கள்.

## ஒரே பார்வையில்

ஜி1, பேரலல், இசட்ஜிசி மூன்றும் ஜேவிஎம்மில் தேர்ந்தெடுக்கக்கூடிய ஜிசி வகைகள்.

| வழி | நிறுத்தம் | சிபியு | மெமரி | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| இயல்பு அமைப்பு: 1 ஜிபி, ஜி1 | சிறிய டெஸ்ட்டில் குறைவு | குறைவு | மிகக் குறைவு | ஹீப் நிரம்பும்போது ஃபுல் ஜிசி (எல்லாவற்றையும் நிறுத்தி முழு ஹீப்பையும் சுத்தம் செய்வது) |
| பெரிய ஹீப், ஜி1 | பத்துகளில் மில்லிசெகண்ட் | நடுத்தரம் | 2 முதல் 8 ஜிபி | பெரிய பதில்கள் ரீஜனில் அடங்காமை |
| பேரலல் ஜிசி | யங் குறைவு, ஃபுல் நீளம் | மிகக் குறைவு | நடுத்தரம் | எப்போதாவது வரும் நீண்ட நிறுத்தம் |
| ஜெனரேஷனல் இசட்ஜிசி | ஒரு மில்லிசெகண்டுக்குள் | அதிகம் | மிக அதிகம் | நிறுத்தக் கணக்கில் வராத ஒதுக்கீட்டுத் தடை |
| பல சிறிய ஜேவிஎம்கள் | ஒவ்வொன்றிலும் குறைவு | பகிர்வு | மொத்தத்தில் அதிகம் | முடிவுகளைச் சேர்ப்பது, கடிகாரம், டேட்டா பிரிப்பு |

## வழி 1: இருப்பதை அப்படியே விடுவது

ஜேமீட்டர் 5.6இன் ஸ்கிரிப்ட் தொடக்க ஹீப்புக்கும் அதிகபட்ச ஹீப்புக்கும் 1 ஜிபி வைக்கிறது, ஜி1ஐத் தேர்கிறது, 100 மில்லிசெகண்ட் நிறுத்த இலக்கு கொடுக்கிறது. ஏபிஐ டெஸ்ட்டில், பதில் சில கேபிதான் என்றால், சில நூறு த்ரெட்களுக்கு இது தாராளம். இதைத் தொடுவதற்கு முன் தொட வேண்டிய காரணத்தைக் கண்ணால் பாருங்கள்.

அதற்கு ஜிசி லாக் வேண்டும். ஜாவா 9 முதல் எக்ஸ்லாக் என்ற ஒரே ஆப்ஷன் போதும். எழுதும் செலவு மிகச் சிறிது, எப்போதும் ஆன் செய்தே வைக்கலாம். லாக்கில் ஒரு யங் ஜிசி வரியில் 812 எம்பி → 164 எம்பி, அடைப்பில் 1024 எம்பி, கடைசியில் 18 மில்லிசெகண்ட் என்று இருந்தால் நிலைமை நன்றாக இருக்கிறது. அம்புக்குறிக்குப் பின் வரும் எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். 164, 210, 290, 410 என்று அது ஏறிக்கொண்டே போனால் ஏதோ ஒன்று ஆப்ஜெக்ட்களை விடாமல் பிடித்திருக்கிறது. லிஸனராக இருக்கலாம், நீங்கள் எழுதிய க்ரூவி ஸ்கிரிப்டாக இருக்கலாம். அதற்கு ஹீப்பைக் கூட்டினால் டெஸ்ட் சாகும் நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

## வழி 2: பெரிய ஹீப், ஜி1

பெரும்பாலானோர் இங்கே நின்றுவிடலாம். ஜி1 2017இல் வந்த ஜாவா 9 முதல் சர்வர் வகை மெஷின்களில் ஜேவிஎம்மின் இயல்புத் தேர்வு. நடத்தை நன்கு அறியப்பட்டது, லாக் தெளிவானது.

ஹீப் எவ்வளவு? டெஸ்ட் முழு லோடில் நிலைப்பட்ட பின், ஜிசி முடிந்ததும் மிஞ்சும் அளவைப் பாருங்கள். அதன் மூன்று, நான்கு மடங்கு என்பது நான் பின்பற்றும் கணக்கு. 500 எம்பி மிஞ்சுகிறது என்றால் 2 ஜிபி. 32 ஜிபி மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காக 24 ஜிபி கொடுப்பதில் பலனில்லை. தொடக்க அளவும் அதிகபட்சமும் ஒன்றாக இருக்கட்டும். டெஸ்ட் ஓடும்போது ஹீப் வளர்வதும் சுருங்குவதும் அளவீட்டுக்குள் தேவையற்ற அசைவு. ஆல்வேஸ் ப்ரீடச் ஆப்ஷனையும் சேர்த்தால் மெமரி பக்கங்கள் தொடக்கத்திலேயே கைக்கு வந்துவிடும். ஜேவிஎம் எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதமாகும்.

இந்த வழியில் இரண்டு இடங்களில் வழுக்கும்.

ஒன்று, நிறுத்த இலக்கைக் குறைப்பது. 100 மில்லிசெகண்டை 20 ஆக்கினால் நிறுத்தம் குறையும் என்று தோன்றும். அந்த இலக்கை எட்ட ஜி1 யங் ஜெனரேஷனைச் சுருக்கும். சுருக்கினால் ஜிசி அடிக்கடி வரும், மேலே சொன்ன நடுத்தர ஆயுள் ஆப்ஜெக்ட்கள் ஓல்ட் பக்கம் வேகமாகத் தள்ளப்படும், பின்னால் பெரிய வேலை சேரும். திங்க் டைம் உள்ள டெஸ்ட்டில் இலக்கை 150, 200 என்று தளர்த்துவது சில சமயம் பி99.9ஐக் குறைக்கும். உள்ளுணர்வுக்கு எதிரானது என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டு, பெரிய பதில்கள். ஜி1 ஹீப்பை ரீஜன்களாகப் பிரிக்கிறது. 2 ஜிபி ஹீப்பில் ஒரு ரீஜன் 1 எம்பி. ரீஜனில் பாதிக்கு மேல் உள்ள ஆப்ஜெக்டை, அதாவது 512 கேபியைத் தாண்டியதை, "ஹ்யூமங்கஸ்" என்று தனியாக, அடுத்தடுத்த ரீஜன்களில் வைக்கும். 1.1 எம்பி பதில் ஒன்று இரண்டு ரீஜன்களைப் பிடித்து 0.9 எம்பியை வீணாக்கும். யங் ஜிசியிலேயே சிலவற்றை விடுவிக்கும் ஏற்பாடு ஜி1இல் உண்டு. ஆனால் த்ரெட் இன்னும் பிடித்திருக்கும் பதிலை அதனால் விடுவிக்க முடியாது. லாக்கில் "ஜி1 ஹ்யூமங்கஸ் அலொகேஷன்" என்ற காரணம் திரும்பத் திரும்ப வந்தால் ரீஜன் அளவை 8 எம்பி, 16 எம்பி என்று கூட்டுங்கள். ஜாவா 17 வரை அதிகபட்சமாக 32 எம்பியும், ஜாவா 18 முதல் 512 எம்பியும் வைக்கலாம்.

இது பொருந்தும் இடம்: பி95, பி99 வரைதான் உங்கள் எஸ்எல்ஏ (ஒப்புக்கொண்ட செயல்தர வரம்பு), பதில் நேரம் நூறு மில்லிசெகண்டுக்கு மேல், மெஷினில் நான்கு கோர் அல்லது கூடுதல்.

## வழி 3: பேரலல் ஜிசி

இதைப் பழையது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னணியில் எந்த ஜிசி த்ரெட்டும் சிபியுவைத் தின்னாது என்பது இதன் பலம். ஒரே மெஷினிலிருந்து விநாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் தள்ள முடியும், சர்வர் எங்கே முறிகிறது என்று மட்டும் பார்ப்பவருக்கு இது ஜி1ஐவிட நல்ல தேர்வாக அமையலாம்.

ஓல்ட் ஜெனரேஷன் நிரம்பும்போது வரும் ஃபுல் ஜிசிதான் இதன் விலை. மொத்த ஜேவிஎம்மும் நிற்கும். எவ்வளவு நேரம் என்பது உயிரோடிருக்கும் டேட்டாவின் அளவைப் பொறுத்தது. பெரிய ஹீப்பில் அது விநாடிக் கணக்கில் போகும். யங் ஜெனரேஷனைத் தாராளமாக, ஹீப்பில் பாதிக்கு மேல் கொடுத்தால் அரைமணி நேர டெஸ்ட்டில் ஒரு ஃபுல் ஜிசிகூட வராமல் பார்த்துக்கொள்ளலாம். எட்டு மணி நேரம் தொடர்ந்து லோடு கொடுக்கும் சோக் டெஸ்ட்டுக்கு இதை எடுக்க வேண்டாம்.

## வழி 4: ஜெனரேஷனல் இசட்ஜிசி

பி99.9ஐ வைத்து முடிவெடுக்கிறீர்கள், சர்வரின் பதில் நேரமே 5 மில்லிசெகண்ட் என்றால், ஜி1இன் 30 மில்லிசெகண்ட் நிறுத்தம்கூட உங்கள் எண்ணைவிடப் பெரிது. அங்கே இசட்ஜிசி தவிர்க்க முடியாதது. 2020இல் ஜாவா 15இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. ஜாவா 16 முதல் அதன் நிறுத்தங்கள் ஒரு மில்லிசெகண்டுக்குள் அடங்கின. யங், ஓல்ட் என்று பிரிக்கும் ஜெனரேஷனல் வடிவம் 2023இல் ஜாவா 21இல் வந்தது. ஜாவா 21, 22இல் அதைத் தனி ஆப்ஷனால் இயக்க வேண்டும், 23 முதல் அதுவே இயல்பு. ஜாவா 17இல் உள்ள பழைய வடிவத்தை லோடு டெஸ்ட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நிமிடக்கணக்கில் கொட்டும் குப்பையை அள்ள அது ஒவ்வொரு முறையும் முழு ஹீப்பையும் சுற்றிவர வேண்டியிருக்கிறது.

குப்பை எவ்வளவு வேகமாகச் சேரும்? விநாடிக்கு 2,000 ரிக்வெஸ்ட், பதில் 200 கேபி என்றால் வெறும் பைட்களே விநாடிக்கு 400 எம்பி. ஸ்ட்ரிங்காக மாற்றினால் இரட்டிப்பாகும். ஜிசியின் பின்னணி த்ரெட்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காவிட்டால், புதிதாக மெமரி கேட்கும் த்ரெட் தனியாக நிறுத்தப்படும். லாக்கில் இது "அலொகேஷன் ஸ்டால்" என்று வரும். ஜிசி நிறுத்தங்களின் கூட்டுத்தொகையில் இது சேராது. டாஷ்போர்டில் நிறுத்தம் 0.4 மில்லிசெகண்ட் என்று அழகாக இருக்கும்; ரெஸ்பான்ஸ் நேரத்தில் 300 மில்லிசெகண்ட் புகுந்திருக்கும். நான்காவது அளவுகோலில் இசட்ஜிசி பின்தங்குவது இதனால்தான். லாக்கில் இந்தச் சொல்லைத் தேடாமல் இசட்ஜிசி ஓட்டத்தின் முடிவை நம்பக்கூடாது.

மெமரியும் கூடுதலாகக் கேட்கும். 32 ஜிபிக்குக் குறைந்த ஹீப்பில் மற்ற ஜிசிகள் பாயின்டர்களை 4 பைட்டில் சுருக்கிவைக்கும். இசட்ஜிசியில் அந்தச் சுருக்கம் கிடையாது. ஜி1இல் 2 ஜிபி போதுமென்றால் இங்கே 5, 6 ஜிபியிலிருந்து தொடங்குங்கள். எட்டு கோருக்குக் குறைந்த மெஷினில் வேண்டாம்.

மாற்றும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜேவிஎம் ஆர்க்ஸ் மாறியில் இசட்ஜிசியைச் சேர்த்தால், ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ஜி1ஐக் கொடுத்திருப்பதால், இரண்டு ஜிசி தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன என்று சொல்லி ஜேவிஎம் தொடங்கவே மறுக்கும். ஜிசி ஆல்கோ என்ற மாறியையே மாற்ற வேண்டும். ஜேமீட்டரின் "பின்" (bin) ஃபோல்டரில் செட்என்வி ஃபைல் ஒன்றை உருவாக்கி அதில் ஹீப், ஜிசி ஆல்கோ இரண்டையும் எழுதிவைத்தால் மூல ஸ்கிரிப்டைத் தொட வேண்டியதில்லை. அடுத்த வெர்ஷனுக்குப் போகும்போது அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுத்துப்போகலாம்.

## வழி 5: ஒரு பெரிய ஜேவிஎம்முக்குப் பதில் பல சிறியவை

நெட்வொர்க் கார்டு நிரம்பினாலோ, சிபியு 70 சதவீதத்தைத் தாண்டினாலோ ஜிசி அமைப்புகளில் மேலும் நேரம் செலவிடாதீர்கள். பிரித்துவிடுங்கள். 8 ஜிபி ஹீப் ஒன்றைவிட 2 ஜிபி ஹீப் நான்கு என்பது நிறுத்தத்தைக் குறைக்கும். ஒன்று நிற்கும்போது மற்ற மூன்றும் ரிக்வெஸ்ட் அனுப்பிக்கொண்டிருக்கும், லோடு முழுவதும் அறுபடாது.

செலவு வேறு பக்கம் வருகிறது. ஜேமீட்டரின் ரிமோட் முறையில் ஒவ்வொரு மெஷினும் முழுப் பிளானையும் ஓட்டும்: 500 த்ரெட் என்று எழுதி நான்கு மெஷினில் ஓட்டினால் 2,000 த்ரெட். யூசர் பட்டியல் சிஎஸ்வியை மெஷின்வாரியாகப் பிரிக்காவிட்டால் நான்கும் ஒரே யூசரில் லாகின் செய்யும். முடிவுகள் எல்லாம் மற்ற மெஷின்களை இயக்கும் கன்ட்ரோலரில் வந்து குவிவதால் இம்முறை கன்ட்ரோலரின் ஹீப் நிரம்பத் தொடங்கும். பதில் உள்ளடக்கத்தை நீக்கித் தொகுதியாக அனுப்புவதே இயல்பு முறை என்பதால் இது ஓரளவு தாங்கும். பெரிய டெஸ்ட்டில் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாக ஓட்டி, முடிவுகள் பதிவான ஜேடிஎல் ஃபைல்களைப் பின்னர் ஒன்றாக்குவதே எனக்குப் பிடித்த வழி. ஒன்றாக்கும்போது மூலப் பதிவுகளைச் சேர்த்து அதிலிருந்து பெர்சென்டைல் கணக்கிட வேண்டும். நான்கு மெஷின்களின் பி99ஐக் கூட்டி நான்கால் வகுத்தால் வரும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. மெஷின்களின் கடிகாரங்களை என்டிபியால் ஒத்திசைக்காவிட்டால் நேர வரைபடமும் குழம்பும்.

## கருவியையே மாற்றினால்?

த்ரெட்டுக்கு ஒரு பயனர் என்ற முறையே மெமரியைத் தின்கிறது என்பதால் கேட்லிங், கே6 போன்றவற்றுக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. கே6 கோ மொழியில் எழுதப்பட்டது. பதில் உள்ளடக்கத்தைத் தூக்கி எறியும் ஆப்ஷன் இருக்கிறது, ஜிசிக்கு கோஜிசி, 2022இல் வந்த கோ 1.19 முதல் கோமெம்லிமிட் என்று இரண்டே முக்கிய அமைப்புகள். ஆனால் நூறு சாம்ப்ளர் உள்ள பிளானை மறுபடி எழுதும் உழைப்பு ஜிசி பிரச்சினைக்கான விலையாக மிக அதிகம். புதிய ப்ராஜெக்ட் என்றால் யோசியுங்கள்.

## தேர்ந்தெடுத்த பின் ஒரு சோதனை

எந்த வழியை எடுத்தாலும், உண்மையான சர்வரைத் தொடுவதற்கு முன் அதே பிளானை, அதே த்ரெட் எண்ணிக்கையில், அதே அளவு பதிலை உடனே திருப்பித் தரும் ஒரு போலி சர்வரின் மேல் ஓட்டுங்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் ஒரு ஸ்டாட்டிக் ஃபைல் போதும், வேறு மெஷினில் இருக்க வேண்டும். கடைசி டெஸ்ட் ஓடும் அதே கால அளவு ஓட்டுங்கள். ஓல்ட் ஜெனரேஷன் நிரம்ப நேரம் எடுக்கும் என்பதால் ஐந்து நிமிட ஓட்டம் எதையும் காட்டாது. அங்கே கிடைக்கும் பி99.9தான் உங்கள் கருவியின் அடிமட்டம். அது 8 மில்லிசெகண்ட் என்றால், உண்மையான சர்வரில் 200 வரும்போது அந்த 200ஐ டெவலப்பர் முன் தைரியமாக வைக்கலாம். அதுவே 150 என்றால் 200ஐ யாரிடமும் காட்டாதீர்கள். ஜிசி லாக்கைத் திறந்து, அந்த உச்சங்களின் நேரத்தையும் நிறுத்தங்களின் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மேலே உள்ள அட்டவணைக்குத் திரும்பி வாருங்கள்.